பெகளம் வைத்த வழக்கு

அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு
அருமனை ஸ்டேஷனில் ரைட்டர் வேலை.
வந்த பதினோராம் நாள் ஒரு புகார்:
செவ்வாய் விடியக்காலம் மூணே முக்காலுக்கு
பாறை ஏற்றிவந்த எட்டு லாறிகளை மறித்து
பெண்கள் முப்பது பேர்
பெகளம் வைத்தார்கள்.

வைத்தார்கள், சரி. எதை?
வெடிகுண்டு மாதிரி ஏதோ என்று
ஒரு கணம் பேனா நின்றது.

ஏட்டு ஞானசிகாமணி சிரித்தார்.
"பெகளம் தெரியாதா சார்?
கோழிக்கூட்டில மரநாய் நுழைஞ்சா கேக்கும்.
ரெண்டாம் பந்தியில பப்படம் தீந்தா கேக்கும்.
எனக்க மகன் ஊசி போடப் போனா
ஆசுபத்திரி வாசல்லயே தொடங்குவான்."
டீ கொண்டுவந்த பையன் தன் பங்குக்கு,
"சார் வராத பீரியடுல நாங்க வைப்போம்."

அகராதியில் தேடினேன், இல்லை.
கூச்சல் இருந்தது. களேபரம் இருந்தது.
ஆரவாரத்தில் கொஞ்சம் சந்தோஷம் ஒட்டியிருந்ததால்
எடுத்துவிட்டேன்.
அமளி எப்போதோ சட்டசபைக்குப் போய்விட்டது.
கூப்பாடு என்றால்
கூப்பிட்டதற்கு யாராவது வரவேண்டும்;
இங்கே வந்தது எங்கள் ஜீப்.

'வை' மட்டும் என்னை விடவில்லை.
இந்த ஊரில் உலை வைக்கிறார்கள்,
பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள்,
மலைக்கு வெடி வைக்கிறார்கள்.
கடைசியாகச் சொன்னதற்கு லைசென்ஸ் உண்டு.
மலையின் பாதி முகம் சரிந்து விழுந்த மத்தியானம்
பெகளம் என்று எவரும் எழுதித் தரவில்லை.
ரிஜிஸ்டரில் அதற்குப் பெயர்: பணி.

பிற்பகலில் முதல் எதிரி வந்தாள்.
பால்வெட்டுக்காரி. நகக்கண்ணில் காய்ந்த ரப்பர்.
தலையில் கட்டும் லைட்டைக் கழற்ற மறந்திருந்தாள்.
பெயரை எழுதினேன்: ரோஸ்லெட் பாய்.
எட்டிப் பார்த்துச் சொன்னாள்,
"பெரிய ற சார்.
ஞானஸ்நானச் சீட்டுல பெரிய ற."
அடித்துத் திருத்தினேன்.

பெகளம் வைத்தீர்களா?

"ஓ, வெச்சோம்.
பால் வாளியைக் கல்லுல அடிச்சு வெச்சோம்.
அதுக்கு மின்ன ரண்டு வருசம் மனு வெச்சோம்,
அதுக்கு ஒச்சை இல்ல.
எனக்க அடுக்களைச் சொவரு விண்டு போச்சு.
மிண்டல்ல.
செல்லப்பன் அண்ணனுக்க சைக்கிளு
லாறிக்க அடியில கெடந்துது.
அப்பளும் மிண்டல்ல."

மிண்டுதல். அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.
இரண்டு சொல்லும் இங்கே
'ஆதே' என்ற வாலோடுதான் நடமாடுகின்றன:
மிண்டாதே. பெகளம் வைக்காதே.
அம்மாக்கள் சொல்கிறார்கள், வாத்தியார்கள்,
களியல் பஸ்ஸின் கண்டக்டர்.
நேற்று எங்கள் இன்ஸ்பெக்டர், லத்தியால் மேஜையைத் தட்டி.
வால் இல்லாமல் அந்தச் சொல்லை
முழு உடம்போடு நான் பார்த்தது
"ஓ, வெச்சோம்" என்றபோதுதான்.

எஃப்ஐஆரில் எழுதியது:
'சட்டவிரோதமாகக் கூடி, கூச்சலிட்டு,
பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்து.'
அமைதி என்று எழுதும்போது
மேஜைமேல் கண்ணாடி டம்ளர் நடுங்கியது.
லாறி. தார்ப்பாய் போடாதது.
தண்ணீர் அடங்குவதற்குள் இன்னொன்று.
அவள் டம்ளரைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள்,
பெரிய ற-வை நிதானமாக இழுத்து.

அன்றிரவு மழை.
குவார்ட்டர்ஸில் எனக்கு உறக்கம் பிடித்ததே
இரண்டு மணிக்குமேல்.
மூணே முக்காலுக்கு ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
எழுந்து உட்கார்ந்தேன்.
ரோட்டுப் பக்கம் இருட்டைப் பார்த்து
என் அரியலூர் நாக்கால் உரக்கச் சொன்னேன்:
"பெகளம் வைக்காதே!"

லாறியிடம் அதை
யாரும் இதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள்.
கியர் மாற்றிக்கொண்டு ஏற்றம் ஏறியது.

சுவருக்கு அப்பால்
ஏட்டு புரண்டு படுத்தார்.
"யாரு சார், இந்நேரத்துல
பெகளம் வைக்கது?"